றஞ்சனியக்கா மடுவுக்குப் போன கதை

2023ஆம் ஆண்டு யூலையில், யாகப்பர் திருநாளுக்கு அடுத்த நாள், ஒரு புதன்கிழமை காலை, றஞ்சனியக்கா மடு மாதா கோயிலுக்குப் புறப்பட்டார். ஏறியது யாழ்ப்பாண பஸ்ஸில்; துணைக்கு நானும்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இதிலுள்ள பிழை விளங்காது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மடுவுக்குப் போகிறவர்கள் ஒட்டுசுட்டான் பக்கமாகப் போய், மாங்குளத்தில் ஏறி, வவுனியா வழியாகப் போவார்கள். யாழ்ப்பாண பஸ் புதுக்குடியிருப்புப் பக்கம் திரும்பி வேறு திசையில் ஓடிவிடும். மடுவில் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம் என்பதால் என் மடியிலிருந்த தலையணையையும் சுடுதண்ணிப் போத்தலையும் ஒருவரும் கவனிக்கவில்லை. பஸ்தான் காட்டிக்கொடுத்தது.

"எடி றஞ்சனி, மாதா இடம் மாறிட்டாவோ?" என்று கீழே நின்று கேட்டார் சூசையம்மா. அவர் றஞ்சனியக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், கருவாடு விற்பவர், ஊர்ப் புதினம் சேர்ப்பதில் அக்காவுக்குச் சரியான போட்டி.

"யாழ்ப்பாணத்தில தங்கச்சி நிக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு போறன்."

"மடுவில ஆடித் திருநாள் முடிஞ்சுது. ஆவணிக் கொடி இன்னும் ஏறேல்லை. இடையில போய் என்ன செய்யப்போறாய்?"

"சனமில்லாத நேரத்தில போனாத்தான் மாதா காதைக் குடுத்துக் கேப்பா" என்றார் அக்கா.

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய் பிழையான பொய். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மடுவுக்குப் போகிறேன் என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், போக முடியாதவர்கள் தங்கள் வேண்டுதலை ஒரு மெழுகுதிரியோடு அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்லை. வாங்கியவர் அதை இன்னொருவரிடம் தள்ளிவிடவும் கூடாது. அவர் கையாலேயே அது மாதாவின் முன்னால் எரிய வேண்டும். கொழும்பில் கலியாண வீடு என்று சொல்லியிருந்தால் அக்கா இரண்டு பொதி காய்ந்த இறாலோடு தப்பியிருப்பார். இப்போது அவருடைய பைக்குள் அரை ஊரின் மெழுகுதிரிகள் இருந்தன. மகளுக்கு விசா கிடைக்க ஒன்று, மருமகன் குடியை விட ஒன்று, வலையில் இறால் பட ஒன்று, சூசையம்மாவின் முழங்கால் மடங்க ஒன்று. பஸ் நகரத் தொடங்கிய பிறகும் ஒருவர் ஓடிவந்து யன்னலால் ஒன்றை நீட்டினார்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஆஸ்பத்திரிக்கு. அக்காவின் சூலகத்தில் ஒரு கட்டி இருந்தது.

*

றஞ்சனியக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கணவர் யாக்கோப்பு அண்ணை கடலோரக் களப்பில் இறால் பிடிப்பவர். அவர் ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு சிரட்டைக்குள் அள்ளிவிடலாம். அவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் அக்காதான் செலவழித்தார்.

எங்கள் ஊரில் விடுப்புக் கேட்பது, அதாவது அடுத்த வீட்டுப் புதினம் அறிவது, ஒரு குற்றமில்லை. சாதாரண ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று, கதியால் தடிகளுக்கு இடையால் பார்த்து, மிச்சத்தை வீட்டுக்குப் போய்த் தாங்களே இட்டுநிரப்புவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. படலையைத் திறப்பார். முற்றம் தாண்டுவார். விறாந்தையில் நிற்கமாட்டார். நேரே குசினிக்குள் போய், சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "இண்டைக்கும் சூடை மீனோ? ஏன், அவரோட கோவமோ?" என்பார். அழுகிறவர்கள் அழத் தொடங்குவது அந்த இடத்தில்தான். அழுது முடியும்வரை இருந்து, சட்டியையும் கழுவி வைத்துவிட்டுத்தான் வருவார். அடுத்த நாள் ஊர் முழுக்க விசயம் தெரிந்துவிடும் என்பது வேறு கதை.

நான் வியட்நாமில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து, ஜோர்ஜியாவில் ஒரு விடுதியில் கட்டில் விரித்து, இன்னும் எங்கெங்கோ சுற்றி ஊருக்கு வந்த அன்று, என் பெட்டியை முதலில் திறந்தவர் றஞ்சனியக்காதான். என் அம்மாவுக்கு இரண்டாவது இடம்.

"பிரேமிளா, இவ்வளவு நாடு சுத்தினனி. ஒரு மாப்பிள்ளையும் அம்பிடேல்லையோ?"

"அம்பிட்டவை அக்கா. நான்தான் அம்பிடேல்லை."

"கள்ளி" என்று சொல்லிக்கொண்டு என் சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தார்.

அந்த வருடம் வைகாசியில் அவருடைய வயிறு ஊதத் தொடங்கியது. வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். ஊரோ வேறு முடிவு எடுத்தது. சூசையம்மா ஒரு நாள் மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அக்கா அதை எவ்வளவு ஆசையாகக் கடிக்கிறார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாக்கோப்பு அண்ணையைக் கண்ட ஆண்கள் மீன் வாடியில் இருமினார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சளி, தடிமன் பரவுகிறது என்று நினைத்தாராம்.

ஸ்கான் எடுத்த பிறகு அக்கா விசயத்தை இரண்டு பேருக்குத்தான் சொன்னார். ஒருவர் அண்ணை. மற்றது நான்.

"ஏன் அக்கா எனக்கு?"

"நீ எப்ப ஓடுவாய் எண்டு நிக்கிறனி. உனக்கு இஞ்ச ஆரோடயும் கதை இல்லை. உன்னட்டச் சொன்னாச் செவருக்குச் சொன்ன மாதிரி."

உண்மையான காரணம் வேறு. யாக்கோப்பு அண்ணை திருக்கை முள்ளைக் கையால் ஒடிக்கிறவர். ஆனால் ஊசியைக் கண்டால் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனால் இரண்டு கட்டில் தேவைப்படும்.

"சூசையம்மாக்காவுக்காவது சொல்லியிருக்கலாம்" என்றேன் பஸ்ஸில்.

"எனக்கு வருத்தத்துக்குப் பயமில்லை. 'ஐயோ, பாவம் றஞ்சனி' எண்டு அவள் சொல்லுறதைக் காதால கேக்கத்தான் பயம்" என்றார். பிறகு பரந்தன் சந்தி வரும்வரை பைக்குள் கையை விட்டு மெழுகுதிரிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

*

சத்திரசிகிச்சை நீண்டது. சூலகங்களையும் கர்ப்பப்பையையும் வயிற்றுக்குள் பரவியிருந்தவற்றில் எடுக்கக்கூடியதையும் எடுத்தார்கள். கண் திறந்ததும் அக்கா கேட்டது, "பை கிடக்கோ?"

"கட்டிலுக்குக் கீழ கிடக்கு."

"மற்றக் கட்டில்காரிக்கு என்னவாம்?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அந்தப் பை அவரை விடவில்லை. இரவில் கையைத் தொங்கப்போட்டு அதைத் தடவிப் பார்ப்பார். "நான் செத்தாச் சாகிறன், பிரேமி. உதுகளை ஆர் கொண்டுபோறது? என்ர கையிலயெல்லோ தந்திட்டுதுகள். அந்தப் பெட்டை விசாவுக்குக் காத்துக்கொண்டு கிடக்கிறாள்." வலிக்கு மருந்து கொடுத்தார்கள். இதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆவணித் திருநாளும் அவர் கட்டிலில் கிடக்கும்போதே வந்துபோனது. வழக்கம்போல ஊர்ச்சனம் பஸ் பிடித்து மடுவுக்குப் போனது. சூசையம்மா கூடாரம் கூடாரமாக அக்காவைத் தேடியிருக்கிறார். கடைசியில் ஒலிபெருக்கியில் சொல்லவைத்தாராம்: முல்லைத்தீவைச் சேர்ந்த யாக்கோப்பு றஞ்சனி எங்கிருந்தாலும் உடனடியாக அறிவித்தல் கூடத்துக்கு வரவும். காணாமல் போன சின்னப் பிள்ளைகளுக்கும் தவறிய பணப்பைகளுக்கும் நடுவில் அக்காவின் பெயர் மூன்று தடவை ஒலித்தது. ஊருக்குத் திரும்பி வந்து அண்ணையைப் பிடித்து, "உன்ர மனிசி எங்க?" என்று கேட்டதற்கு அவர், "மாதாட்டக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினார்.

*

புரட்டாதியில் கட்டியின் பரிசோதனை முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். பெரிய டொக்டர் நோயின் வகையையும் பரவலையும் ஏற்றவேண்டிய கீமோ மருந்தையும் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். எங்களுக்கு விளக்கிச் சொல்ல நிருஷன் என்ற இளம் டொக்டர் மிஞ்சினார். அவர் சூலகக் கட்டிகளுக்குள் இருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களை, செல்கள் என்பார்களே, அவற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அக்கா சம்மதித்திருந்தபடியால் அவருடைய கட்டியின் ஒரு துண்டும் அந்த ஆராய்ச்சியில் இருந்தது.

அவர் வாயைத் திறக்க முன்னமே அக்கா தொடங்கிவிட்டார்.

"தம்பி கலியாணம் கட்டியாச்சோ?"

"இல்லை அம்மா."

"ஏன்?"

"ஆராய்ச்சி முடியட்டும் எண்டு..."

"இவளும் இப்பிடித்தான். எப்பவும் ஏதோ ஒண்டு முடியட்டும் எண்டு நிக்கிறாள்" என்று தலையால் என்னைக் காட்டினார். நான் சுவரிலிருந்த கர்ப்பப்பைப் படத்தை மிகக் கவனமாகப் படித்தேன்.

பிறகு அக்காவின் குரல் மாறியது. "தம்பி, நேராக் கேக்கிறன். நான் இன்னும் எத்தினை ஆவணி பாப்பன்?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அப்பிடி எண்ணிச் சொல்லேலாது அம்மா. பொய் சொல்லமாட்டன், இது பரவின நோய். மருந்துக்கு அடங்கினாலும் திரும்பி வர வாய்ப்புக் கூட. ஆனா உங்கட கட்டியைப் பார்த்த இடத்தில ஒரு நல்ல விசயம் கிடக்கு."

ஒரு தாளில் வட்டம் ஒன்று கீறினார். "இது கட்டி. எங்கட உடம்பில நோயோட சண்டை பிடிக்கிற கலங்கள் இருக்கு. கட்டி வந்தா அதுகள் தேடி வரும். சில பேரில இந்தா, இப்பிடி, கரையிலயே நிண்டிடும். உள்ளுக்குப் போகாது. உங்களுக்கு அப்பிடியில்லை. கட்டிக்குள்ள, அந்தக் கெட்ட கலங்களுக்கு நடுவிலயே போய் நிறைஞ்சு நிக்குது. அப்பிடி உள்ளுக்குப் போயிருக்கிற ஆக்கள், போகாத ஆக்களைவிடச் சராசரியாக் கூடக் காலம் இருக்கினம் எண்டு கன ஆராய்ச்சியளில கண்டிருக்கினம்."

அக்கா அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எடியே, சிரிக்காத. என்ர கலம் என்னைப்போலத்தானே இருக்கும்? படலையைத் திறந்து நேரே குசினிக்குள்ள போயிட்டுதுகள்."

டொக்டருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். அவரும் சிரித்துவிட்டார்; பிறகு தான் டொக்டர் என்பது நினைவு வந்து நிமிர்ந்தார்.

"ஒண்டு சொல்லவேணும் அம்மா. உள்ளுக்குப் போறது மட்டும் காணாது. சில நேரம் அந்தக் கலங்கள் உள்ளுக்குப் போய்க் களைச்சுச் சும்மா நிண்டிடும். கட்டியே அதுகளை மயக்கி வைச்சிருக்கும்."

"அது தெரியும். போன வீட்டில தேத்தண்ணியும் பலகாரமும் குடுத்திருப்பினம். போன விசயத்தை மறந்துபோய்க் குந்தியிருந்திருக்குங்கள்."

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றார் டொக்டர், கொஞ்சம் யோசித்து. "அதோட, இது ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்லுறது. உங்களுக்கு எண்டு தனிய என்ன நடக்கும் எண்டு இது சொல்லாது."

"ஊர்க்கதையும் அப்பிடித்தானே தம்பி. முழுசா நம்பேலாது. விடவும் மனம் வராது."

வட்டம் கீறிய தாளைக் கேட்டு வாங்கி மெழுகுதிரிப் பைக்குள் வைத்தார்.

*

ஊருக்கு வந்து இறங்கியபோது வயிறு வற்றியிருந்தது, முகமும்தான். சூசையம்மா படலையடியிலேயே நின்றார். வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஆயிரம் கேள்வி இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ர மெழுகுதிரியைக் கொளுத்தினியோ?"

அக்கா எதற்கும் பொய் சொல்லுவார். வயதுக்குச் சொல்லுவார், மீன் விலைக்குச் சொல்லுவார், பாதருக்கே சொல்லியிருக்கிறார். மாதாவின் மெழுகுதிரிக்கு மட்டும் நாக்கு எழவில்லை. பையைத் திறந்து காட்டினார். மெழுகுதிரிகள் வெக்கையில் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தன. முற்றத்திலேயே இருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கானிலிருந்து வட்டம் கீறிய தாள் வரைக்கும். வட்டத்தை எடுத்துக் காட்டி, "இந்தா, இதுகள்தான் என்ர ஆக்கள்" என்றார்.

பயந்திருந்த 'ஐயோ, பாவம்' வரவில்லை. சூசையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லேல்லை, என்ன? உந்தப் பறந்து திரியிறவளுக்குச் சொல்லியிருக்கிறாய்" என்று என்னை முறைத்தார்.

"அக்கா, நீங்களே இதைக் கொண்டுபோய்..." என்று றஞ்சனியக்கா பையை நீட்டினார்.

"கையை எடு. நான் உன்ர கையிலதான் தந்தனான். நீதான் கொளுத்தவேணும். சனமில்லாத நேரத்தில போறாவாம்! தண்டனையா இனி ஆவணித் திருநாளுக்குப் போ. நெரிபட்டுப் போ. அதுக்கு முதல் செத்தியோ, பார்."

மற்றவர்களும் அப்படியே. ஒருவரும் தங்கள் மெழுகுதிரியைத் திரும்ப வாங்கவில்லை. அடுத்த ஆவணிவரை இருந்தாகவேண்டும் என்று ஊர் அக்காவின் தலையில் கட்டிவிட்டது.

கீமோ தொடங்கியதும் தலைமயிர் போனது. வெண்குருதிக் கலங்கள் குறைந்துபோகும், கிருமி தொற்றும், ஆட்களைக் கிட்ட விடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே ஊர் முழுக்க வேலிக்கு வெளியே நின்றது. மாலையானால் கதியால்களுக்கு இடையால் முகங்கள் தெரியும். அக்கா தலையில் துண்டைக் கட்டி, கதிரையை முற்றத்தில் போட்டு, அங்கிருந்து கத்துவார்.

"கரையில நிக்கிறதுகளால பெரிய பிரயோசனமில்லையாம். டொக்டர் சொன்னவர்!"

"அதே டொக்டர்தான் எங்களை வெளியில நிக்கச் சொன்னவர்" என்று சூசையம்மா திருப்பிக் கத்துவார். அவர் தினமும் ஒரு பாத்திரத்தில் கஞ்சியை வேலிக்கு மேலால் நீட்டுவார். என்ன கஞ்சி என்று சொல்லமாட்டார். அக்கா மூடியைத் தூக்கிப் பார்த்துத்தான் அறியவேண்டும். அந்த ஒரு மூடியாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று சூசையம்மா நினைத்திருக்கலாம்.

*

மாசியில் கடைசி மருந்தும் ஏற்றி முடிந்தது. இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது. எனக்கு மறுபடி ஊர் சுற்றக் கால் அரிக்கத் தொடங்கியது. புறப்படும் முதல்நாள் அக்காவிடம் போய் நானும் ஒரு மெழுகுதிரி கொடுத்தேன். ஏதோ ஒரு விமான நிலையத்தில் வாங்கி, பெட்டியின் அடியில் கிடந்தது; கண்ணாடிப் போத்தலுக்குள் வார்த்தது.

அவர் முகர்ந்து பார்த்தார். "இது தின்னுறதோ?"

"வனிலா வாசம் அக்கா."

"மாதாவுக்குக் கேக் குடுக்கிறியோ? சரி, என்ன வேண்டுதல்?"

"சொல்லக்கூடாது."

"ஆர் சொன்னது? எல்லாரும் எனக்குச் சொல்லித்தான் தந்தவை."

"நீங்கள் கேட்டதால சொல்லியிருப்பினம்."

"உன்னட்டயும்தானே கேக்கிறன்!"

நான் சொல்லவில்லை. அவரால் அதைத் தாங்கமுடியவில்லை. பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து கேட்டார். மாப்பிள்ளையோ, விசாவோ, அம்மான்ர பிரஷரோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். நான் சுவர்போல நின்றேன். செவருக்குச் சொன்ன மாதிரி என்று அவர்தானே சொன்னார்.

அந்த வருட ஆவணித் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்க, நான் வேறொரு நாட்டில் இருக்கும்போது, அவர் அழைத்தார்.

"பிரேமி, இரத்தத்தில கட்டியைக் காட்டுற கணக்கு திரும்ப ஏறுதாம். திரும்பவும் மருந்து. இந்த ஆவணியும் போச்சு." பிறகு சிரிக்கப் பார்த்தார். "உள்ளுக்குப் போன ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்திட்டாங்கள் போல."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய இலக்கம் வேலை செய்யவில்லை. அம்மா வவுனியாவில் என் அண்ணன் வீட்டோடு போயிருந்ததால் ஊர்ச் செய்தி அரைகுறையாகத்தான் வந்தது. ஒருமுறை அம்மா, "றஞ்சனி இப்ப ஒருத்தற்ர குசினிக்குள்ளயும் போறேல்லையாம்" என்றார். இரத்தப் பரிசோதனையைவிட அதுதான் என்னைப் பயப்படுத்தியது. மேலே கேட்காமல் அழைப்பை வைத்துவிட்டேன்.

2025 ஆவணியில் ஒரு நாள், தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. திறந்ததும் முதலில் ஒலிபெருக்கி, யாரோ காணாமல் போன பிள்ளையின் பெயர். பிறகு சனத்தின் இரைச்சல். அதற்கு மேலால் ஒரு குரல்:

"பிரேமி, நான்தான். இது சூசையம்மான்ர போன். என்ரயை இந்த மனிசன் களப்புக்குள்ள போட்டிட்டுது, நம்பரெல்லாம் அதோட போச்சு. உன்ரயை உன்ர கொம்மாட்ட இப்பத்தான் எடுத்தனான். மருந்து இன்னும் போட்டுக்கொண்டுதான் கிடக்கு. நிருஷன் தம்பி, ரெண்டு நாள் போயிட்டு வாங்கோ எண்டு விட்டவர். அவருக்கும் கலியாணம் சரி, பொம்பிளை ஆரெண்டு பிறகு சொல்லுறன். இஞ்ச பார், மெழுகுதிரி எல்லாம் அலுமாரிக்குள்ள உருகி ஒண்டாப் போச்சு. ஆருடையது எது எண்டு தெரியேல்லை. அந்தக் கட்டியை அப்பிடியே வைச்சு, எல்லாற்ற பேரையும் சொல்லிக் கொளுத்தினனான். விசாப் பெட்டை எப்பவோ கனடா போயிட்டாள், எண்டாலும் சொன்னனான். சூசையம்மான்ர முழங்காலுக்கு ரெண்டு தரம் சொன்னனான், பக்கத்தில நிண்டு கணக்குப் பாத்தவ. உன்ர போத்தில் மட்டும்தான் ஒண்டும் ஆகாமக் கிடந்தது. கொளுத்தினன், கேக் மணம் வந்து சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. நீதான் என்ன வேண்டுதல் எண்டு கடைசிமட்டும் சொல்லேல்லையே. அதால உனக்கு நானா ஒண்டு வேண்டிவிட்டனான். என்னெண்டு சொல்லமாட்டன், போ."